வன்னியிலிருந்து ஐடி துறைக்கு: மென்டர்ஷிப் திட்டம் எப்படி நடக்கிறது?

கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ இருந்துகொண்டு மென்பொருள் துறைக்குப் போக நினைக்கும் பிள்ளைக்குப் பாடம் கிடைப்பது இன்று பெரிய கஷ்டம் இல்லை. பைதனும் ஜாவாவும் யூடியூப்பில் தமிழிலேயே இருக்கின்றன. பம்பைமடுவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து நடக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் கணினிப் பொறியியல் படிக்கலாம். இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் அங்கேதான் இருக்கிறது. கம்பஸ் எடுபடாதவர்கள் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பீஐடி என்ற தகவல் தொழில்நுட்பப் பட்டத்தை வெளிவாரியாகப் படிக்கிறார்கள்.

கிடைக்காமல் இருப்பது வேறொன்று. அந்தத் துறைக்குள் ஏற்கனவே வேலை செய்கிற, கூச்சமில்லாமல் ஒரு கேள்வி கேட்கக்கூடிய ஒரு ஆள்.

என்ன கேள்வி? பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்விகள். மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் கியூஏ வேலையில் சேர்ந்தால் பிறகு அதை எழுதும் டெவலப்பராக மாற முடியுமா? சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் செய்யச் சொல்கிறார்கள், அது வழக்கமா, ஏமாற்றா? நேர்முகத்தில் தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லலாமா? எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறாய் என்று கேட்டால் எந்த எண்ணைச் சொல்வது? கொழும்பில் வளர்கிற பிள்ளைக்கு இதற்கெல்லாம் மாமா ஒருவரோ அடுத்த வீட்டு அக்காவோ இருப்பார். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா கதைக்கிற கதையிலேயே பதில் கிடைத்துவிடும். வன்னியில் அந்த மாமா இல்லாததற்கும் அக்கா இல்லாததற்கும் காரணம் திறமைக் குறைவல்ல. இன்றைக்கு இந்தத் துறையில் பதினைந்து வருட அனுபவத்தோடு இருந்திருக்க வேண்டிய வயதுக்காரர்கள் படிக்கிற காலத்தில் இங்கே போர் நடந்தது. பாடசாலைகள் இடம்பெயர்ந்தன. 2009க்குப் பிறகுதான் பெரும்பாலான ஊர்களுக்குத் தேசிய மின்கட்டமைப்பிலிருந்து மின்சாரம் வந்தது. அந்த வயதுக்காரர்களில் பலர் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். சிலர் இல்லாமலே போனார்கள்.

மற்றவர்களுக்கு அதிர்ஷ்டத்தில் கிடைக்கும் அப்படியான ஒருவரின் பழக்கத்தை ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் மென்டர்ஷிப் திட்டம். அனுபவமுள்ள ஒருவரையும் புதிதாக வருகிற ஒருவரையும் ஒரு காலத்துக்குச் சேர்த்துவிடுகிறார்கள். எதற்காகச் சந்திக்கிறோம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எப்போது முடியும் என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசி வைக்கிறார்கள். அனுபவமுள்ளவரை மென்டர் என்பார்கள். புதியவரை இந்தக் கட்டுரையில் இளையவர் என்றே சொல்கிறேன், வயதில் மூத்தவராக இருந்தாலும்.

மென்டர் என்ன செய்வார், என்ன செய்யமாட்டார்

புதிதாக வயல் செய்யத் தொடங்கியவர் பக்கத்து வயல்காரரிடம் போய் எந்த இன நெல், எப்போது வாய்க்கால் திறப்பார்கள், எந்த மில்லில் கழிவு கூட அடிப்பார்கள் என்று கேட்பார். பக்கத்து வயல்காரர் இவருக்காக விதைக்கமாட்டார், கடனும் கட்டமாட்டார். ஆனால் இந்த மண்ணில் இந்த வருடம் இறங்கி நிற்பவர் என்பதால் அவர் சொல்லும் நாலு வார்த்தைக்குப் பெறுமதி உண்டு. மென்டரும் ஏறக்குறைய அப்படித்தான்.

எங்கள் பிள்ளைகள் மென்டரை இரண்டு விதமாகப் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். டியூஷன் வாத்தியார் என்று நினைப்பது ஒன்று. மென்டர் வந்து ஜாவாஸ்கிரிப்ட் முதலாம் பாடத்திலிருந்து சொல்லித் தருவார் என்று காத்திருந்தால் திட்டம் முடிந்துவிடும். பாடம் நீங்கள் படிக்க வேண்டியது. படித்ததில் எங்கே நிற்கிறீர்கள், அடுத்து எதைப் படித்தால் பயன், எதை இப்போது விட்டுவிடலாம் என்பதுதான் அவருடைய பக்கம். இன்னொரு பிழை, வேலை வாங்கித் தருபவர் என்று நினைப்பது. மென்டருடைய கம்பனியில் இடம் இருந்தால் அவர் உங்கள் சீவியை உள்ளே கொடுக்கவும் கூடும். ஆனால் அதை எதிர்பார்த்து உறவைத் தொடங்கினால் ஒவ்வொரு சந்திப்பும் இரண்டு பேருக்கும் சங்கடமாகிவிடும்.

அமெரிக்க ஆய்வாளர் கேத்தி கிராம் 1980களில் வேலைத்தளங்களில் இப்படியான உறவுகளைக் கவனித்து, மென்டரின் வேலையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று தொழில் சார்ந்தது: சவாலான வேலையைக் கொடுப்பது, பயிற்சி சொல்வது, சரியான ஆட்களின் கண்ணில் படவைப்பது, அநியாயமாகப் பழி வரும்போது காப்பது. மற்றது மனம் சார்ந்தது: தானே முன்மாதிரியாக இருப்பது, "நீயும் இந்த இடத்துக்கு உரியவன்தான்" என்று ஏற்றுக்கொள்வது, பயத்தைக் காதுகொடுத்துக் கேட்பது, தோழமை. புதியவர்கள் முதலாவதற்காக வருகிறார்கள். வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு இரண்டாவதுதான் கூடத் தேவைப்படுகிறது என்பது என் எண்ணம். கொழும்பில் ஒரு கம்பனியில் முதல் மாதம், எல்லோரும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வேகமாகப் பேசும் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு இரவு அறைக்கு வந்து "எனக்கு இது சரிவராது" என்று நினைக்கும் பிள்ளைக்குப் புதிய பாடம் எதுவும் தேவையில்லை. "எனக்கும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருந்தது" என்று சொல்ல, அதே பாதையில் முன்னால் போன ஒருவர் தேவை.

திட்டத்துக்குள் என்ன நடக்கும்

திட்டத்தை நடத்துபவர்கள் முதலில் இரண்டு பக்கத்திலிருந்தும் படிவம் வாங்குவார்கள். இளையவரிடம் என்ன தெரியும், எங்கே போக ஆசை, வாரத்தில் எத்தனை மணிநேரம் ஒதுக்கலாம் என்று கேட்பார்கள். மென்டரிடம் எந்தத் துறை, எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்று கேட்பார்கள். பிறகு சோடி சேர்ப்பார்கள். பெரிய கம்பனிகளில் இதற்கு மென்பொருள் உண்டு. சிறிய திட்டங்களில் ஒருங்கிணைப்பாளர் எக்செல் தாளோடு உட்கார்ந்து படிவங்களை வாசித்துத்தான் முடிவெடுப்பார். அது குறைந்த முறை இல்லை. "வேலைக்குப் போகும் அம்மா, இரவு ஒன்பதுக்குப் பிறகுதான் கதைக்க முடியும்" என்ற ஒரு வரியை மனிதர் கவனிப்பதுபோல மென்பொருள் கவனிக்காது.

அப்புறம் ஒரு அறிமுக நாள். அதில் விதிகள் சொல்லப்படும். பேசுவது இரண்டு பேருக்குள் இருக்க வேண்டும், வராவிட்டால் முதலே அறிவிக்க வேண்டும், ஒத்துவராவிட்டால் யாரிடம் சொல்வது என்பவை. கம்பனிக்குள் நடக்கும் திட்டமாக இருந்தால் உங்கள் நேரடி மேலாளரை மென்டராகப் போடமாட்டார்கள். உங்கள் சம்பள உயர்வைத் தீர்மானிப்பவரிடம் "எனக்கு இந்த வேலை விளங்கவில்லை" என்று யாராலும் மனம்திறந்து சொல்ல முடியாது, அதுதான் காரணம்.

பெரும்பாலான திட்டங்கள் மூன்று முதல் ஆறு மாதம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முக்கால் மணி அல்லது ஒரு மணிநேரம். நடுவில் ஒருங்கிணைப்பாளர் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்ப்பார். கடைசியில் ஒரு முடிப்பு நாள்.

ஒருவருக்கு ஒருவர் என்பதுதான் பழைய வடிவம், ஆனால் அது மட்டும் இல்லை. ஒரு மென்டர் நாலைந்து பேரைச் சேர்த்துப் பார்ப்பதும் உண்டு. கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு அது நல்லது, தான் கேட்கப் பயந்த கேள்வியை இன்னொருவர் கேட்டுவிடுவார். ஒரே ஒரு சந்திப்போடு முடியும் வடிவமும் இருக்கிறது, சீவி பார்க்கவும் மாதிரி நேர்முகத்துக்கும் அது போதும். தலைகீழ் வடிவமும் உண்டு: 1999இல் ஜெனரல் எலக்ட்ரிக் தலைவர் ஜாக் வெல்ச், தன் உயரதிகாரிகள் 500 பேரை இளம் ஊழியர்களிடம் இணையம் கற்கச் சொன்னார்.

இதனால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம் சன் மைக்ரோசிஸ்டம்ஸ். அந்தக் கம்பனி 1996 முதல் 2009 வரை இப்படியொரு திட்டத்தை நடத்தியது. திட்டத்தில் இருந்த இளையவர்களில் 72 சதவீதமும் மென்டர்களில் 69 சதவீதமும் கம்பனியில் நிலைத்தார்கள், சேராதவர்களில் 49 சதவீதம்தான் என்று கணக்குப் பார்த்தார்கள். முதலிலேயே ஆர்வமுள்ளவர்கள்தான் இப்படியானவற்றில் சேருவார்கள் என்பதால் வித்தியாசம் முழுவதையும் திட்டத்தின் கணக்கில் போட முடியாது. ஆனாலும் மென்டர்களின் எண்ணைக் கவனியுங்கள். சொல்லிக் கொடுத்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு நிலைத்திருக்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் சம்பளம் வாங்காமல் இதற்கு நேரம் ஒதுக்குவது ஏன் என்று வியக்கிறவர்களுக்கு அதில் பாதிப் பதில் இருக்கிறது.

சந்திப்பை நடத்த வேண்டியவர் நீங்கள்

இதுதான் புதியவர்களுக்கு ஆச்சரியமான இடம். மரியாதை காரணமாக, மென்டர் கூப்பிடுவார், மென்டர் தொடங்குவார், மென்டர் வீட்டுவேலை தருவார் என்று எங்கள் பிள்ளைகள் காத்திருப்பார்கள். மென்டர், "இவருக்குத் தேவையென்றால் கேட்பார்தானே" என்று இருப்பார். மூன்று வாரம் யாரும் பேசாமல் போய்விடும். பல சோடிகள் பிரிவது சண்டையால் இல்லை, இந்த மௌனத்தால்தான்.

ஆகவே சந்திப்பு நாளைக் குறிப்பது, அதற்கு முந்தின நாளே என்ன பேசப் போகிறோம் என்று மூன்று வரி அனுப்புவது, முடிந்ததும் என்ன முடிவெடுத்தோம் என்று எழுதி வைப்பது, எல்லாம் இளையவர் கையில். இரண்டு பேரும் பார்க்கக்கூடிய ஒரு கூகிள் டொக் போதும். திகதி, பேசியது, அடுத்த சந்திப்புக்குள் செய்ய வேண்டியது. நாலு மாதம் கழித்து அதைத் திரும்ப வாசிக்கும்போது எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் சந்திப்பில் இலக்கு பேச வேண்டும். "நல்ல டெவலப்பர் ஆக வேண்டும்" என்பது ஆசை, அதை வைத்து மென்டரால் எதுவும் செய்ய முடியாது. "வருகிற ஆறு மாதத்துக்குள் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு முன் கிட்ஹப்பில் (எழுதிய கோடை வைத்துக் காட்டும் தளம்) காட்டக்கூடிய இரண்டு புரொஜெக்ட் வேண்டும், சீவி சரிசெய்ய வேண்டும், மூன்று மாதிரி நேர்முகம் செய்து பார்க்க வேண்டும்" என்றால் அவர் உடனே வேலையில் இறங்கலாம். இலக்கு நடுவில் மாறினால் பரவாயில்லை. மாறிவிட்டது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி கேட்கும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திட்டத்தின் பலன் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. வட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வையுங்கள்:

"அண்ணா, கோடிங்கில ஒரு டவுட். ஃப்ரீயா?"

மென்டர் வேலையில் இருப்பார். ஃப்ரீ என்று சொன்னால் எவ்வளவு நேரம் போகும் என்று தெரியாது, இல்லை என்று சொல்லவும் மனம் வராது. ஆகப் பதில் பின்னேரம் வரும், அல்லது வராது. அதே பிள்ளை இப்படி எழுதலாம்:

"அண்ணா, போனமுறை சொன்னபடி நெல் கொள்வனவுக் கணக்கு ஆப்பில் லொகின் பக்கத்தை முடித்துவிட்டேன். பாஸ்வேர்டை டேட்டாபேஸில் அப்படியே சேமித்திருக்கிறேன். அது பாதுகாப்பில்லை என்று பிறகு வாசித்தேன். பிகிரிப்ட் வைத்து ஹாஷ் செய்து சேமிப்பது ஒரு வழி, லொகின் வேலையை ஃபயர்பேஸிடமே விட்டுவிடுவது இன்னொரு வழி. நான் முதலாவதைத்தான் யோசிக்கிறேன், உள்ளே என்ன நடக்கிறது என்று கற்றுக்கொள்ள ஆசை. கோட் கிட்ஹப் லிங்கில் இருக்கிறது. செவ்வாய்ச் சந்திப்பில் பத்து நிமிடம் இதற்கு எடுக்கலாமா?"

இதை வாசித்ததும் மென்டருக்குப் பல விஷயங்கள் தெரிந்துவிடும். சொன்னதைச் செய்திருக்கிறார். தானே தேடி வாசித்திருக்கிறார். ஒரு முடிவும் எடுத்து வைத்திருக்கிறார், சரிபார்க்கத்தான் கேட்கிறார். சிலவேளை செவ்வாய் வரைக்கும் காத்திருக்காமல் பஸ்ஸில் போகும்போதே பதில் எழுதிவிடுவார். இப்படிக் கேட்கப் பழகியவர் பிறகு வேலைக்குப் போனாலும் இதே மாதிரித்தான் மூத்த பொறியாளரிடம் கேட்பார். அந்தப் பழக்கம் ஒரு நிரல்மொழி தெரிவதைவிடப் பெரிய சொத்து.

இன்னொரு விஷயம், எங்கள் ஊர்களுக்கே உரியது. "விளங்குதா?" என்று கேட்டால் விளங்காவிட்டாலும் "ஓம் சேர்" என்று சொல்லி வளர்ந்திருக்கிறோம். வகுப்பில் ஐம்பது பேர் இருக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. மென்டரோடு தனியாகப் பேசும்போது அந்த ஒரு "ஓம்" முழு மணிநேரத்தையும் வீணாக்கும். அவர் அதன்மேல் அடுத்ததைக் கட்டிக்கொண்டு போவார். இதற்கு நல்ல மருந்து ஒன்று இருக்கிறது: விளங்கியது விளங்கவில்லை என்று சொல்வதற்குப் பதிலாக, கேட்டதை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லுங்கள். "நீங்கள் சொன்னது எனக்கு இப்படித்தான் விளங்கியது, சரியா?" இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, பிழையும் அந்த இடத்திலேயே வெளியே வந்துவிடும். மென்டராக இருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: "விளங்குதா?" என்று கேட்காதீர்கள், "இனி நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள்.

எப்படிக் கூப்பிடுவது என்பதும் சின்ன விஷயம் இல்லை. துறைக்குள் எல்லோரும் பெயர் சொல்லித்தான் பேசுவார்கள், மென்டரும் "சேர் வேண்டாம், பெயரைச் சொல்லுங்கள்" என்பார். முதல் நாளே எங்கள் பிள்ளைகளுக்கு அது வாயில் வராது. அண்ணா, அக்கா என்று தொடங்கினால் போதும். சேர் என்ற சொல் எழுப்பும் சுவரை அது இறக்கிவிடும்.

மொழியைப் பற்றியும் நேராகப் பேசிவிடலாம். தமிழ் மொழிமூலத்தில் படித்தவருக்குத் தமிழ் பேசும் மென்டர் முதல் கட்டத்தில் பெரிய பலம், பயத்தைத் தாய்மொழியில்தான் சொல்ல முடியும். ஆனால் துறையின் எழுத்து வேலை முழுவதும் ஆங்கிலத்தில். ஆகவே பேச்சைத் தமிழிலும், சந்திப்புக் குறிப்புகளை ஆங்கிலத்திலும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். பிழையோடு எழுதினால் மென்டர் திருத்துவார். ஆறு மாதத்தில் அதுவே ஆங்கிலப் பயிற்சியும் ஆகிவிடும்.

எங்கே தேடுவது

வடக்கில் முதலில் பார்க்க வேண்டியது யாழ்ப்பாணத்தின் யாழ் ஐடி ஹப். அவர்கள் நடத்தும் யாழ் கீக் சேலஞ்ச் போட்டியில் குழுக்களுக்குத் துறையில் வேலை செய்பவர்கள் மென்டர்களாக வருகிறார்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தனிப் பிரிவு உண்டு. போட்டியில் வெல்வதைவிட, யோசனை ஒன்றை அனுபவமுள்ளவர்கள் முன்னால் வைத்து அடி வாங்கித் திருத்துவதில்தான் கூடப் பயன். கம்பஸ் பிள்ளைகள் தங்கள் துறையின் பழைய மாணவர்களைத் தேடலாம். உங்களுக்கு இரண்டு வருடம் முன்னால் வெளியேறியவர் பெரும்பாலும் பதினைந்து வருட அனுபவக்காரரைவிட நல்ல மென்டர், அவர் கடந்த கதவு இன்னும் அவருக்கு ஞாபகம் இருக்கும்.

ஒன்லைனில் இலவசமாக இருப்பவற்றில் 2020இல் தொடங்கிய ஏடிபி லிஸ்ட் பரவலாகத் தெரிந்தது. டிசைன் துறையில் தொடங்கி மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. மென்டரைத் தேர்ந்தெடுத்து நேரம் பதிவு செய்யலாம். எக்சர்சிசம் என்ற தளத்தில் நீங்கள் எழுதிய நிரலைத் தன்னார்வலர்கள் வாசித்துக் கருத்துச் சொல்வார்கள். அது முழுவதும் எழுத்தில் நடப்பதால் வீடியோ தேவையில்லை. சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடாக ஆடும் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தில் நடக்கும் மென்டரிங்கைத்தான் நான் முதலில் சொல்வேன். டேட்டாவும் மிச்சம், யோசித்துப் பதில் எழுதவும் நேரம் கிடைக்கும்.

அடுத்தது திறமூல மென்பொருள் உலகம், அதாவது கோடை யாரும் பார்க்கவும் திருத்தவும் திறந்து வைத்திருக்கும் மென்பொருள். அங்கே மென்டர்ஷிப்போடு கொடுப்பனவும் சேர்ந்து வருகிறது. திறமூல அமைப்புகளின் புரொஜெக்டுகளில் மென்டரோடு வேலை செய்யும் கூகிள் சம்மர் ஒஃப் கோட் திட்டம் 2005இல் தொடங்கியது. முன்பு பல்கலைக்கழக மாணவருக்கு மட்டுமாக இருந்தது, 2022 முதல் திறமூலத்துக்குப் புதியவரான 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். இதில் இலங்கைக்கு நல்ல பெயர் இருக்கிறது: மொரட்டுவைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் உலகிலேயே அதிக மாணவர்களை இதில் சேர்த்த இடங்களில் முன்னணியில் நின்றது. மொரட்டுவைப் பிள்ளைகள் எல்லோரும் பிறவி மேதைகள் என்பதால் அது நடக்கவில்லை. முதல் வருடம் போன அண்ணா அடுத்த வருடத் தம்பிக்கு விண்ணப்பம் எழுதக் காட்டிக் கொடுத்தார், அவர் அதற்கடுத்தவருக்கு. ஒரு கம்பஸில் அந்தச் சங்கிலி தொடங்க ஓரிருவர் போதும். வவுனியாவிலும் அறிவியல் நகரிலும் அது ஏன் முடியாது என்று எனக்குத் தெரியவில்லை.

லினக்ஸ் பவுண்டேஷனின் எல்எஃப்எக்ஸ் மென்டர்ஷிப் வருடத்தில் மூன்று சுற்று நடக்கிறது: மார்ச், ஜூன், செப்டம்பரில் தொடங்குபவை. அவுட்ரீச்சி திட்டம், துறையில் ஒதுக்கப்பட்டுக் குறைவாக இருக்கும் பிரிவினருக்காக, வருடத்தில் இரண்டுமுறை, மூன்று மாதத்துக்கு நடப்பது. வீட்டிலிருந்தே செய்யலாம். அண்மைய சுற்றுகளில் மொத்தக் கொடுப்பனவு 7,000 அமெரிக்க டொலர். கம்பஸில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு நேர விதிகள் உண்டு, விண்ணப்பிக்கும் முன் அவற்றைக் கவனமாக வாசிக்க வேண்டும். இந்தத் திட்டங்கள் படிவத்தை மட்டும் பார்த்து ஆள் எடுப்பதில்லை. அவுட்ரீச்சியில் தெரிவுக்கு முன்பே அந்தப் புரொஜெக்டுக்கு ஏதாவது பங்களித்துக் காட்ட வேண்டும். கூகிள் திட்டத்தில் என்ன செய்யப் போகிறேன் என்று விரிவான முன்மொழிவு எழுத வேண்டும், எழுதும்போதே அந்தப் புரொஜெக்ட் ஆட்களோடு பேசியிருந்தால் வாய்ப்புக் கூடும்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களிடமும் கேளுங்கள். பலர் ஊருக்கு எதாவது செய்ய நினைத்துக் கணினி வாங்கிக் கொடுக்கிறார்கள். மாதத்தில் இரண்டு மணிநேரம் தாருங்கள் என்று கேட்பதற்கு ஆள் இல்லாததால் அதைக் கொடுக்கவில்லை. நேரக் கணக்கும் ஒத்துவரும்: கிளிநொச்சியில் இரவு 7.30 என்றால் லண்டனில் கோடைகாலத்தில் பிற்பகல் 3 மணி, ரொறன்ரோவில் காலை 10 மணி. குளிர்காலத்தில் இரண்டு இடத்திலும் ஒரு மணிநேரம் முந்தும், நவம்பரில் பலர் சந்திப்பைத் தவறவிடுவது இதனால்தான்.

பணமும் பாதுகாப்பும்

மென்டர்ஷிப் பெரும்பாலும் இலவசம். மென்டர்குரூஸ் போல மாதக் கட்டணம் வாங்கும் தளங்களும் நேர்மையாக நடக்கின்றன. ஆனால் புதியவர் ஒருவர் முதலில் அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. "மென்டர்ஷிப்போடு வேலை நிச்சயம், முதலில் இவ்வளவு கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வேலையை நிச்சயப்படுத்தும் அதிகாரம் எந்த மென்டருக்கும் இல்லை. நகை அடகு வைத்துக் கட்டிய குடும்பங்கள் இருக்கின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது இதைவிட முக்கியம். முன்பின் தெரியாத பெரியவர் ஒருவரோடு ஒரு இளம் பெண் தனியாக ஒன்லைனில் பேசப் போகிறார் என்றால் வீட்டில் கேள்வி வரும். அந்தக் கேள்வி நியாயமானது. நல்ல திட்டத்தில் எழுதிய நடத்தை விதிகள் இருக்கும், முறைப்பாடு செய்ய மென்டர் அல்லாத ஒருவரின் தொடர்பு இருக்கும், காரணம் சொல்லாமலே மென்டரை மாற்றிக் கேட்கும் உரிமை இருக்கும். சந்திப்புகள் திட்டம் சொன்ன வழியில், சொன்ன நேரத்தில் நடக்கும். வேலையோடு சம்பந்தமில்லாத படம் கேட்பது, இரவில் தனிப்பட்ட செய்தி அனுப்புவது, "இதை யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்பது, இவற்றில் ஒன்று நடந்தாலும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஒருங்கிணைப்பாளரிடம் கொடுக்க வேண்டும். திட்டத்தைத் தொடங்கும் நாளிலேயே பெற்றோரையும் அழைத்து இதைத் தமிழில் விளக்கினால், பல பெண் பிள்ளைகள் நடுவில் நின்றுபோவதைத் தவிர்க்கலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஒருவருக்கு ஒருவர் வடிவமே வேண்டாம், குழுவாகவே நடத்துங்கள்.

முடிவதும் திட்டத்தின் பகுதிதான்

கேத்தி கிராம் இந்த உறவுக்கு நாலு கட்டம் சொன்னார்: தொடங்குவது, வளர்வது, பிரிவது, பிறகு வேறு வடிவம் எடுப்பது. எங்கள் ஆட்களுக்கு மூன்றாவது கட்டம் சிரமம். திட்டம் முடிந்த பிறகும் கூப்பிட்டால் தொந்தரவோ, கூப்பிடாவிட்டால் நன்றி கெட்டவனோ என்று குழம்புவார்கள். கடைசிச் சந்திப்பில் நேராகவே கேட்டுவிடுவது நல்லது: "இனி எப்போதாவது ஒரு கேள்வி இருந்தால் எழுதலாமா?" பெரும்பாலும் ஓம் என்பார்கள். முதல் வேலை கிடைத்த செய்தியை அவருக்கு ஒரு வரியில் அனுப்புங்கள். மென்டர்களுக்குக் கிடைக்கும் கூலி பெரும்பாலும் அந்த ஒரு வரிதான். இரண்டு வருடத்தில் நீங்களும் அவரும் ஒரே துறையின் சக ஆட்கள் ஆகிவிடுவீர்கள், அதுதான் அந்த நாலாவது கட்டம்.

சரி, இப்போது தொடங்க நினைப்பவர் எந்த மாதத்தில் எதைச் செய்வது? கூகிள் திட்டத்தில் பங்குபற்றும் அமைப்புகளின் பட்டியல் பொதுவாகப் பெப்ரவரியில் வரும், விண்ணப்பம் மார்ச்சில் தொடங்கும், வேலை மே கடைசியிலோ ஜூனிலோ ஆரம்பிக்கும். பட்டியல் வரும்வரை காத்திருந்தால் பிந்திவிடும். முந்திய வருடங்களின் பட்டியல் அவர்களின் தளத்திலேயே இருக்கிறது, வருடா வருடம் திரும்ப வரும் அமைப்புகள் நிறைய. ஒக்டோபரில் அதிலிருந்து உங்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதிய ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். அதன் அரட்டை அறையில் சேர்ந்து ஒரு வாரம் மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று வாசியுங்கள். ஆவணத்தில் இருக்கும் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி முதல் புல் ரிக்வெஸ்ட்டை (உங்கள் திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் வேண்டுகோள்) அனுப்புங்கள். பெரிய புரொஜெக்டுகளின் கோட் சில நூறு எம்பி இருக்கும், அதை இயக்கத் தேவையான மற்றவை இன்னும் கூட. கம்பஸ் வைஃபையில் எல்லாவற்றையும் இறக்கி, ஒருமுறை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். மாரி மழையில் இணைப்பு இல்லாத நாட்களிலும் வேலை செய்யலாம்.